கப்பர்நகூமில் ஒரு மீனவர் வீடு

இயேசு பிறந்தது பெத்லகேம், வளர்ந்தது நாசரேத். இந்த இரண்டு பெயரும் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரியும். ஆனால் மத்தேயு நற்செய்தி "அவருடைய சொந்தப் பட்டணம்" என்று சொல்வது இந்த இரண்டையும் இல்லை. ஏரிக்கரையில் கருங்கல் வீடுகளோடு இருந்த ஒரு மீனவக் குடியிருப்பை அது அப்படிச் சொல்கிறது. அதுதான் கப்பர்நகூம். கத்தோலிக்க விவிலியத்தில் கப்பர்நாகும் என்று வரும். எபிரேயத்தில் 'கஃபர் நஹூம்', அதாவது நஹூமின் ஊர். அந்த நஹூம் யார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஊரில்தான் இயேசு தொழுகைக்கூடத்தில் போதித்தார். அவருடைய சீடர் பேதுருவின் மாமியார் காய்ச்சலில் படுத்திருந்ததும், கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரனை உள்ளே இறக்கியதும் இங்கேதான். சுங்கத்துறையில் உட்கார்ந்திருந்த லேவியை அவர் எழுப்பி அழைத்துக்கொண்டு போனதும் இதே ஊரில்தான். நற்செய்திகளில் எருசலேமுக்கு அடுத்தபடியாக அதிக நிகழ்ச்சிகள் நடக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். மலைக்கிராமத்துத் தச்சர் ஒருவர் ஏன் மீனவர்களின் ஊரைத் தேடி வந்தார்? அந்த ஊர் உண்மையில் எப்படி இருந்தது? இந்தக் கேள்விகளுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான அகழாய்வு ஓரளவுக்கு விடை தந்திருக்கிறது.

முதலில் அந்த ஏரி. தமிழ் விவிலியத்தில் "கலிலேயாக் கடல்" என்று படித்துப் பழகியதால் நம் மனதில் மெரினா போல ஏதோ ஒன்று வந்து நிற்கும். உண்மையில் அது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 13 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போலக் கிடக்கிறது. மலைப் பள்ளத்தாக்குகளின் வழியாகக் காற்று திடீரென்று இறங்குவதால், அமைதியாக இருக்கும் தண்ணீர் சிறிது நேரத்தில் கொந்தளித்துவிடும். சீடர்கள் படகில் அலறிய காட்சியை அந்த ஏரியில் தொழில் செய்கிற எவரும் மிகை என்று சொல்லமாட்டார்கள். நான்கு நற்செய்தியாளர்களில் லூக்கா மட்டும் கிரேக்கத்தில் இதை 'ஏரி' என்றே எழுதுகிறார். மத்தியதரைக் கடலைப் பார்த்துப் பழகியவருக்கு இதைக் கடல் என்று எழுத மனம் வரவில்லை போலும்.

ஏரியின் வடமேற்குக் கரையில் கப்பர்நகூம். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் யோர்தான் ஆறு ஏரியில் வந்து கலக்கிறது. அன்றைக்கு அந்த ஆறுதான் எல்லை. இந்தப் பக்கம் கலிலேயா, ஏரோது அந்திப்பாவின் ஆட்சி. அந்தப் பக்கம் அவருடைய சகோதரர் பிலிப்புவின் ஆட்சி. எல்லை என்றால் சுங்கச்சாவடி இருக்கும், லேவி அங்கே உட்கார்ந்திருந்ததற்கு அதுவே காரணம். ஊரின் ஓரமாக ஒரு நெடுஞ்சாலையும் போனது. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்து மைல்கல் ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. கல் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றாலும், தமஸ்கு பக்கம் போகிற வழி அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஏன் இந்த ஊர் என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். நாசரேத்தில் பேசினால் நாசரேத்துக்குத்தான் கேட்கும். கப்பர்நகூமில் பேசியதைப் படகுக்காரர்கள் எதிர்க்கரைக்கும், மீன் வியாபாரிகள் உள்நாட்டுக்கும், சாலையில் போகிறவர்கள் இன்னும் தூரத்துக்கும் கொண்டுபோவார்கள். அதே சமயம் இது அந்திப்பாவின் தலைநகரான திபேரியா இல்லை. திபேரியா சுமார் 16 கிலோமீட்டரில் இருந்தும், இயேசு அங்கே போனதாக ஒரு நற்செய்தியும் சொல்லவில்லை. யோவான் ஸ்நானனைச் சிறையில் அடைத்தது அந்த அரசன்தான். ஆபத்து வந்தால் ஒரு படகில் ஏறி எல்லையைத் தாண்டிவிடலாம் என்பதும் கப்பர்நகூமுக்கு இருந்த ஒரு வசதி.

சரி, ஊர் எவ்வளவு பெரியது? 1,000 முதல் 1,500 பேர் வரை இருந்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கணிப்பு. இன்னும் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. அரங்கமோ தூண் வரிசை வைத்த தெருவோ முதல் நூற்றாண்டு அடுக்குகளில் அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் அந்தப் பகுதியில் எங்கும் கிடக்கும் கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டிய வீடுகள். செதுக்காத கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் சின்னக் கற்களைச் செருகி எழுப்பிய சுவர்கள். ஒரு முற்றம், அதைச் சுற்றிச் சில அறைகள், அந்த அறைகளில் அண்ணன் தம்பி குடும்பங்கள். முற்றத்திலேயே அடுப்பு, திரிகை. மாற்கு நற்செய்தி சீமோன் (இவர்தான் பேதுரு), அந்திரேயா என்ற இரு சகோதரர்களின் வீடு என்று சொல்லி, அதே வீட்டில் மாமியாரையும் காட்டுகிறது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தச் சுவர்களால் கனமான கூரையைத் தாங்க முடியாது. அதனால் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, மேலே நாணல் பரப்பி, மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் கூரைக்கு ஏறக் கற்படிகள். முடக்குவாதக்காரனைத் தூக்கி வந்த நான்கு பேர் கூரையைத் தோண்டித் திறந்தார்கள் என்று மாற்கு எழுதியது இங்கே அச்சு மாறாமல் பொருந்துகிறது. லூக்கா அதே கதையில் ஓடுகளைப் பிரித்ததாக எழுதுகிறார். அவர் தன் வாசகர்களுக்குத் தெரிந்த வீட்டை எழுதினார், மாற்கு கப்பர்நகூம் வீட்டை எழுதினார். தரையும் அப்படித்தான். கரடுமுரடான கற்களைப் பரப்பிய தரை, கற்களுக்கு இடையே இடைவெளி. காசு கீழே விழுந்தால் விளக்கைக் கொளுத்தித் துழாவித்தான் எடுக்க வேண்டும். காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடி வீட்டைப் பெருக்கும் பெண்ணின் உவமை இந்தத் தரையைப் பார்த்தவரின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தொழில் மீன்தான். அதனோடு எரிமலைக் கல்லில் திரிகையும் எண்ணெய்ச் செக்கும் செய்யும் வேலையும் இருந்ததற்குத் தடயங்கள் உண்டு. ஊருக்கு மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் தப்கா என்ற இடம். 'ஏழு ஊற்றுகள்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரின் திரிபு அது. அங்கே வெதுவெதுப்பான ஊற்றுநீர் ஏரியில் கலக்கிறது. குளிர்காலத்தில் அந்தச் சூட்டைத் தேடி 'முஷ்த்' என்ற மீன் கூட்டம் கூட்டமாக வரும். நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று சொல்கிறோமே, அதற்குச் சொந்தக்கார மீன். இது போக, சாளையைப் போன்ற பொடிமீன், மீசை வைத்த கெண்டை வகைகள், கெளுத்தி எல்லாம் ஏரியில் உண்டு. கெளுத்திக்குச் செதில் கிடையாது. செதிலும் துடுப்பும் இல்லாத மீனை யூதர்கள் உண்ணக் கூடாது என்பது மோசேயின் சட்டம். நல்ல மீனைக் கூடையில் சேர்த்து ஆகாததை எறிந்துவிடுவார்கள் என்று இயேசு சொன்ன வலை உவமையை இந்த ஊரில் யாருக்கும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் கரையில் தினமும் காலையில் செய்த வேலை அது.

அந்த உவமையில் வருவது கரைவலை. படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரு முனையையும் கரையிலிருந்து பலர் சேர்ந்து இழுப்பது. பேதுருவும் அந்திரேயாவும் முதலில் அழைக்கப்படும்போது கையில் இருந்தது வீச்சுவலை. மூன்றாவதாக ஒன்று இருந்தது: மூன்று அடுக்காகப் பின்னிய வலை. வெளி அடுக்குகளில் பெரிய கண், நடுவில் நெருக்கமான கண். நம் காலத்தில் அதே ஏரியின் கரையில் வேறொரு குடியிருப்பில் வாழ்ந்து மீன்பிடித்துக்கொண்டே ஏரியின் பழைய துறைமுகங்களையும் கல் நங்கூரங்களையும் தேடித் தொகுத்த மெண்டல் நூன் இந்த வலைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அன்றைய வலை ஆளிச்செடி நாரில் பின்னியது. பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் இரவுத் தொழில். விடிந்ததும் வலையை அலசிக் காயப்போடாவிட்டால் இற்றுப்போகும். "இரவு முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை" என்று பேதுரு சொல்வதும், அப்போது மற்றவர்கள் கரையில் வலை அலசிக்கொண்டிருப்பதும் தொழில் தெரிந்தவர் சொன்ன கதையாகவே படுகிறது. பகலில் ஆழத்தில் வலை போடச் சொன்னது எவ்வளவு அபத்தமாக அவருக்குக் கேட்டிருக்கும் என்பதும் அப்போதுதான் புரிகிறது.

இன்று ஏரியைச் சுற்றியுள்ள உணவகங்களில் முஷ்த் மீனைப் பொரித்து "பேதுருவின் மீன்" என்று பரிமாறுகிறார்கள். மீனின் வாயில் காசு இருந்த கதையை வைத்து வந்த பெயர். ஆனால் அந்தக் கதையில் பேதுரு தூண்டில் போடுகிறார். முஷ்த் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது, தூண்டில் இரையைச் சீண்டாது. தூண்டிலில் சிக்கியது மீசைக் கெண்டையாகத்தான் இருக்கும் என்பது நூனின் வாதம். அது சரி என்றே எனக்கும் தோன்றுகிறது.

பிடித்த மீன் எங்கே போனது? கரையோரமாகத் தென்மேற்கே போனால் மகதலா. கிரேக்கர்கள் அந்த ஊரைத் 'தாரிகேயா' என்றார்கள். மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் இடம் என்று அர்த்தம், நம் மொழியில் சொன்னால் கருவாட்டூர். அந்த ஊர் உப்புமீனைப் பற்றி அக்காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஆகவே இது வீட்டுக் குழம்புக்கு மட்டும் பிடித்த மீன் இல்லை. இதற்கு வியாபாரம் இருந்தது, வியாபாரம் இருந்ததால் வரியும் இருந்தது. மீனவர்களை ஒன்றும் இல்லாத பரம ஏழைகளாகக் காட்டும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் யாக்கோபு, யோவான் என்ற சீடர்களின் தந்தை செபதேயுவின் படகில் கூலியாட்கள் இருந்ததாக மாற்கு தெளிவாகச் சொல்கிறார். பேதுருவும் செபதேயுவின் மக்களும் தொழிலில் கூட்டாளிகள் என்கிறார் லூக்கா. சொந்தப் படகும் கூட்டாளிகளும் இருந்தும், வரி கட்டியபின் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாதவர்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்த வாழ்க்கையை நேரில் காட்டும் ஒரு பொருள் 1986-ல் வெளிப்பட்டது. வறட்சியால் ஏரி பின்வாங்கியிருந்த நேரம். மகதலாவுக்குப் பக்கத்தில் கினோசார் கரையில் மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் ஒரு மரவிளிம்பைப் பார்த்தார்கள். தோண்டிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய படகு. நீளம் சுமார் 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். ஏரி மட்டம் மறுபடி ஏறுவதற்குள் எடுக்க வேண்டியிருந்ததால், இரவு பகலாகப் பன்னிரண்டு நாள் வேலை செய்து, நுரைப் பொருளால் மூடி, தண்ணீரில் மிதக்கவிட்டே கொண்டுபோனார்கள். இயேசுவின் படகு என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, தேவையும் இல்லை. என்னை அசைத்தது அதன் மரம். அந்த ஒரே படகில் பன்னிரண்டு வகை மரம். கேதுருப் பலகையும் கருவாலிச் சட்டமும் முக்கியமானவை. மற்றவை அவ்வப்போது கைக்குக் கிடைத்த துண்டுகள், வேறு பழைய படகிலிருந்து கழற்றியவை. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பல காலம் ஓட்டியிருக்கிறார்கள். இனி முடியாது என்றானதும், மறுபடி உதவக்கூடிய பாகங்களைக் கழற்றிக்கொண்டு எஞ்சிய கூட்டைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இனி பேதுருவுடையது என்று சொல்லப்படும் அந்த வீட்டுக்கு வருவோம். 1838-ல் அமெரிக்க விவிலிய அறிஞர் எட்வர்ட் ராபின்சன் இந்த இடிபாடுகளைப் பார்த்தார், ஆனால் கப்பர்நகூம் வேறிடம் என்று நினைத்தார். அப்போது இந்த இடத்துக்கு அரபியில் தல் ஹூம் என்று பெயர். 1866-ல் இங்கே தோண்டிய பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் சார்ல்ஸ் வில்சன், இதுதான் கப்பர்நகூம் என்றார். 1894-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் நிலத்தின் பெரும்பகுதியை வாங்கினார்கள். வாங்கியவர்கள் முதலில் செய்த வேலை விசித்திரமானது: சுற்றுச்சுவர் எழுப்பி, செதுக்கிய கற்களை யாரும் பெயர்த்துப் போகாதபடி மண்போட்டு மூடினார்கள். அந்த மண்தான் பலவற்றைக் காப்பாற்றியது. 1921 முதல் ஒர்ஃபாலி என்ற பிரான்சிஸ்கன் துறவி தோண்டியபோது எண்கோண வடிவக் கட்டடம் ஒன்று துலங்கியது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று 1968-ல் தோண்டத் தொடங்கியவர்கள் விர்ஜிலியோ கோர்போ, ஸ்தானிஸ்லாவோ லொஃப்ரெடா. இவர்களும் துறவிகள்.

மேலே இருந்தது ஐந்தாம் நூற்றாண்டு எண்கோணக் கோயில், நடுவே மயில் பொறித்த மொசைக் தரை. அதன் கீழே நான்காம் நூற்றாண்டில் சுற்றுமதில் கட்டி, ஒரே ஓர் அறையை மட்டும் வளைவு கொடுத்து உயர்த்திய வழிபாட்டிடம். அதற்கும் கீழே கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டிய ஒரு சாதாரண வீடு. கோயிலின் நடு எண்கோணம் அந்த வீட்டின் ஓர் அறைக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. அந்த அறையின் தரையும் சுவரும் மட்டும் பலமுறை சுண்ணாம்புப் பூச்சு கண்டிருக்கின்றன. பக்கத்து வீடுகளில் அப்படிப் பூச்சு கிடையாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அங்கே சமையல் பாத்திரங்கள் கிடைப்பது நின்றுபோகிறது, விளக்குகள் கிடைக்கின்றன. உதிர்ந்த பூச்சுத் துண்டுகளில் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் பிற மொழிகளிலும் யாத்திரிகர்கள் கீறிவிட்டுப் போன நூற்றுக்கும் மேற்பட்ட கிறுக்கல்கள். தரை அடுக்கில் தூண்டில் முட்களும் கிடைத்தன.

இது பேதுருவின் வீடுதானா? கோர்போவும் லொஃப்ரெடாவும் ஆம் என்றார்கள். முதல் நூற்றாண்டிலேயே இங்கே கிறிஸ்தவர்கள் கூடினார்கள் என்பதை ஜோன் டெய்லர் போன்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. பூச்சின் காலக்கணிப்பையும் கிறுக்கல்களில் பேதுருவின் பெயரைப் படித்த விதத்தையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை. சிதைந்த நாலு எழுத்தில் எதிர்பார்த்த பெயரைப் படித்துவிடுவது எளிது. ஆனால் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வந்த எகேரியா என்ற பெண் யாத்திரிகரின் குறிப்பு ஒன்று உண்டு. அப்போஸ்தலர் தலைவரின் வீடு கோயிலாக்கப்பட்டிருக்கிறது, அதன் சுவர்கள் பழையபடியே நிற்கின்றன என்கிறது அது. கட்டடக்கலையில் எந்தச் சிறப்பும் இல்லாத ஓர் அறையை, ஊரில் வேறு எத்தனையோ அறைகள் இருக்க, அதை மட்டும் தேர்ந்து பாதுகாத்து, அதன்மேலேயே அடுத்தடுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு நினைவு இருந்திருக்கிறது. அந்த நினைவு எத்தனை தலைமுறை பழையது என்பதில்தான் சண்டை. யோவான் நற்செய்தி பேதுருவின் ஊர் பெத்சாயிதா என்கிறது. அவர் அங்கே பிறந்து, மணமுடித்து இங்கே வந்திருக்கலாம். மாமியார் இந்த வீட்டில் இருப்பதும் அப்படி நினைக்க வைக்கிறது.

கோயிலிலிருந்து சில எட்டுத் தூரத்தில் யூதத் தொழுகைக்கூடம். கறுப்பு ஊரின் நடுவே வெளியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் எழுந்த கட்டடம், இன்றைக்கும் படங்களில் முதலில் கண்ணில் படுவது அதுதான். இயேசு போதித்த கூடம் இதுவே என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். தரைக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கிடைத்த காசுகள் அந்த நம்பிக்கையை மாற்றின. அவை காட்டுவது நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியும் ஐந்தாம் நூற்றாண்டும். ஆனால் வெள்ளைச் சுவருக்கு அடியில் பழைய கருங்கல் சுவர் ஓடுகிறது. நூற்றுக்கு அதிபதி (நூறு வீரர்களின் தலைவர்) ஒருவர் இந்த ஊர் மக்களுக்குக் கட்டிக்கொடுத்ததாக லூக்கா சொல்லும் கூடத்தின் மிச்சம் அது என்று பலர் கருதுகிறார்கள். அந்த அதிபதியை ரோமப் படைக்காரர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்போது கலிலேயாவில் ரோமச் சேனை தங்கியிருக்கவில்லை. அந்திப்பாவின் படையில் இருந்த யூதரல்லாத அதிகாரி என்பதே பொருத்தம்.

அந்தக் கூடத்துத் தூண் ஒன்றில் அரமேய எழுத்தில், செபீதாவின் மகனும் யோகனானின் பேரனுமான ஹல்ஃபு இதைச் செய்தார், அவருக்கு ஆசி உண்டாகட்டும் என்று பொறித்திருக்கிறது. அல்பேயு, செபதேயு, யோவான்: நற்செய்தியில் வருகிற அதே பெயர்கள், அதே ஊரில், சில நூற்றாண்டுகள் கழித்து, யூதக் குடும்பம் ஒன்றில். இந்தக் கல்வெட்டைப் படித்தபோது எனக்குச் சற்று நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. எண்கோணக் கோயிலும் வெள்ளைத் தொழுகைக்கூடமும் ஒரே காலத்தில் ஒரே தெருவில் நின்றிருக்கின்றன. போட்டி போட்டுக் கட்டினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இரு சாராரும் ஒரே துறையில் படகு கட்டியிருப்பார்கள், ஒரே ஏரியில் வலை போட்டிருப்பார்கள்.

கப்பர்நகூமை இயேசு கடிந்துகொண்டதும், அது பாதாளம் வரை தாழ்த்தப்படும் என்று சொன்னதும் பலருக்கும் தெரிந்த வசனம். அதை வைத்து ஊர் உடனே அழிந்ததுபோலப் பேசுவார்கள். அப்படி நடக்கவில்லை. கி.பி. 66-ல் தொடங்கிய யூதப் போரின்போது, பின்னாளில் அதன் வரலாற்றை எழுதிய யூதத் தளபதி யோசேஃபஸ் இந்தப் பக்கத்தில் குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டு, இந்த ஊருக்குத்தான் தூக்கி வரப்பட்டார். அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் ஊர் இருந்தது. கிழக்குப் பக்கத்தில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் நிலத்தில் 1978 முதல் நடந்த அகழாய்வு, இஸ்லாமிய ஆட்சியின் தொடக்க நூற்றாண்டுகளிலும் மக்கள் அங்கே வாழ்ந்ததைக் காட்டியது. பொற்காசுக் குவியல் ஒன்றும் அங்கே கிடைத்தது. அதன்பின் ஊர் மெல்லத் தேய்ந்தது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை ராயப்பர் என்பார்கள். சென்னை ராயபுரத்தின் பெயரே அவரிடமிருந்து வந்ததாகச் சொல்வதுண்டு. நம் கடற்கரை ஊர்களில் அவர் பெயரில் நிற்கும் கோயில்களின் தொடக்கத்தைத் தேடிப்போனால், அந்தப் பூச்சு உதிர்ந்த அறைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

அறையின் மேல் 1990-ல் ஒரு புதிய கோயில் வந்தது. பழைய சுவர்கள் எதையும் தொடாமல் தூண்களின்மேல் தூக்கி நிறுத்திய எண்கோணக் கட்டடம். கப்பல் போல இருக்கிறது என்று சிலருக்குப் பிடிக்கிறது, இடிபாட்டை மறைக்கிறது என்று சிலர் குறைசொல்கிறார்கள். அதன் நடுவில் தரைக்குப் பதில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். பூசை நடக்கும்போதும் குனிந்தால் கீழே தெரிவது சாந்து பூசாத கறுப்புக் கற்களும், ஒரு முற்றமும், ஒரு மீனவக் குடும்பத்தின் அறையும்.